போர் தண்ணீர், ஐப்பசி மழை, மாடி வீட்டு பிரஷர்: வாஷிங் மெஷின், டிரையர் வாங்குவோர் கேள்விகளும் பதில்களும்

வாஷிங் மெஷின் பற்றி எனக்கு எழுதுபவர்களில் பெரும்பாலோர் முதலில் கேட்பது எந்தக் கம்பெனி நல்லது என்றுதான். நான் திருப்பிக் கேட்பது வேறு. உங்கள் குழாயில் வருவது மெட்ரோ தண்ணீரா, போர் (ஆழ்துளைக் கிணற்று) தண்ணீரா, லாரித் தண்ணீரா? என்ன வேகத்தில் வருகிறது? துவைத்த துணி எங்கே காய்கிறது? சென்னையில் ஒரு மெஷின் பத்து வருஷம் ஓடுமா, மூன்று வருஷத்தில் படுக்குமா என்பதைப் பெரும்பாலும் இவைதான் தீர்மானிக்கின்றன.

கேள்வி: நாங்கள் நான்கு பேர். முழுக்க போர் தண்ணீர். ஃப்ரண்ட் லோட் மெஷினில் ஹீட்டர் இரண்டாவது முறையாகப் போய்விட்டது. மறுபடியும் ஃப்ரண்ட் லோட் வாங்கலாமா, டாப் லோடுக்கு மாறிவிடலாமா? (வேளச்சேரி)

வாங்கலாம். ஆனால் தண்ணீரைச் சரிசெய்யாமல் எதை வாங்கினாலும் இதே கதைதான் நடக்கும்.

கடினத் தண்ணீரில் கால்சியமும் மெக்னீசியமும் கரைந்திருக்கின்றன. தண்ணீர் சூடானால் அவை திடமாகி ஹீட்டர் கம்பி மேலேயே படிகின்றன. கழற்றிய ஹீட்டரை சர்வீஸ் ஆளிடம் கேட்டு வாங்கிப் பாருங்கள். கம்பியே தெரியாத அளவுக்கு வெள்ளை ஓடு பிடித்திருக்கும். ஸ்க்ரூடிரைவரால் தட்டினால் சில்லு சில்லாக உதிரும். அந்த ஓடு சூட்டைத் தண்ணீருக்குப் போகவிடாது. கம்பி தன் சூட்டிலேயே வெந்து அறுந்துவிடும்.

முதலில் அளந்து பாருங்கள். பலரும் வைத்திருக்கும் பேனா மாதிரியான டி.டி.எஸ். மீட்டர் இதற்குப் போதாது. அது கரைந்த உப்பு எல்லாவற்றையும் சேர்த்துக் காட்டும், கடினத்தன்மையைத் தனியாகச் சொல்லாது. சொட்டு சொட்டாக விட்டு நிறம் மாறுவதைப் பார்க்கும் ஹார்ட்னெஸ் கிட் கிடைக்கிறது. இல்லையென்றால் ஒரு பாட்டில் தண்ணீரை லேபில் கொடுங்கள். குடிநீருக்கான இந்தியத் தர அளவு (ஐ.எஸ். 10500) கடினத்தன்மை லிட்டருக்கு 200 மில்லிகிராம் வரை ஏற்கத்தக்கது என்கிறது, வேறு வழியில்லாவிட்டால் 600 வரை அனுமதிக்கிறது. மெஷினுக்கு நான் வைத்திருக்கும் கோடு 300. அதைத் தாண்டினால் சாஃப்ட்னர் (தண்ணீரின் கடினத்தன்மையைக் குறைக்கும் கருவி) இல்லாமல் வெந்நீர் வாஷ் போடாதீர்கள்.

சாஃப்ட்னரிலும் இரண்டு விதம். மெஷின் குழாயோடு மாட்டச் சொல்லிக் கடையில் கொடுக்கும் சின்னக் குப்பியில் பெரும்பாலும் பாஸ்பேட் கட்டிகள்தான் இருக்கும். அது தண்ணீரை மென்மையாக்காது, உப்புப் படிவதைக் கொஞ்சம் தள்ளிப்போடும். கட்டி கரைந்ததும் மாற்ற வேண்டும். மாற்றாவிட்டால் அது வெறும் குப்பி. உண்மையான சாஃப்ட்னர் ரெசின் நிரப்பியது. அவ்வப்போது உப்புக் கரைசல் விட்டு அதைப் புதுப்பிக்க வேண்டும். உங்கள் அபார்ட்மென்ட்டில் மொத்தத் தொட்டிக்கும் சேர்த்து ஏற்கெனவே ஒன்று இருக்கக்கூடும். கடைசியாக எப்போது உப்பு போட்டார்கள் என்று விசாரியுங்கள். பல கட்டடங்களில் சாஃப்ட்னர் இருக்கும், உப்பு போட ஆள் இருக்காது.

டாப் லோடுக்கு மாறினால் ஒரு லாபம் உண்டு. சாதாரண மாடல்களில் ஹீட்டரே இல்லை, அதனால் போக ஒன்று குறைவு. ஆனால் துணி விறைப்பதும், வெள்ளைச் சட்டை சாம்பல் தட்டுவதும், சோப்பு அதிகம் இழுப்பதும் அப்படியேதான் இருக்கும். தண்ணீரும் கூடுதலாகச் செலவாகும். நான் உங்கள் இடத்தில் இருந்தால் ரெசின் சாஃப்ட்னர் ஒன்று, 7 அல்லது 8 கிலோ ஃப்ரண்ட் லோட் ஒன்று வாங்குவேன். தினசரித் துணிக்குப் பச்சைத் தண்ணீர் வாஷ், மாதம் ஒரு முறை உப்புப் படிவைக் கரைக்கும் டீஸ்கேலிங் பவுடர் போட்டுக் காலி டிரம்மை ஓட்டுவது.

இன்னொன்று. துணியில் மஞ்சளாகவோ பழுப்பாகவோ கறை வந்தால் அது இரும்பு. அதற்குப் பிளீச் போடாதீர்கள், கறை இன்னும் ஆழமாகப் பிடித்துக்கொள்ளும்.

கேள்வி: மேல் மாடியில் இருக்கிறோம், டேங்க் எங்கள் தலைக்கு மேலேயே இருக்கிறது. புது ஃப்ரண்ட் லோட் தண்ணீர் வரவில்லை என்று எர்ரர் காட்டி நிற்கிறது. கீழ்வீட்டில் அதே மாடல் நன்றாக ஓடுகிறது. (பெரம்பூர்)

டேங்க் பக்கத்தில் இருப்பதுதான் பிரச்சினை. 10 மீட்டர் உயரத்திலிருந்து இறங்கும் தண்ணீருக்குத்தான் ஏறக்குறைய 1 பார் அழுத்தம் கிடைக்கும். உங்கள் குழாய்க்கும் டேங்க்குக்கும் இடையே 2 மீட்டர் இருந்தால் 0.2 பார். பல ஃப்ரண்ட் லோட் மெஷின்கள் குறைந்தது 0.3 பாராவது எதிர்பார்க்கின்றன. கீழ்வீட்டில் அதே மாடல் நன்றாக ஓடுவதற்கும் காரணம் இதுதான்.

முதலில் குழாயை மூடிவிட்டு, மெஷின் பின்பக்கம் ஹோஸைக் கழற்றி, உள்ளே இருக்கும் சின்ன வலையை எடுத்துக் கழுவுங்கள். மணல் அடைத்திருந்தால் வேலை அதோடு முடிந்தது. அப்போதும் வராவிட்டால், குழாயைத் திறந்து 10 லிட்டர் வாளியைப் பிடியுங்கள். நிரம்ப இரண்டு நிமிஷத்துக்கு மேல் ஆனால் சின்ன பிரஷர் பம்ப் தேவை. இன்னும் வாங்காதவர்கள் குறைந்த அழுத்தத்திலும் தண்ணீர் நிரம்பும் டாப் லோட் மாடல்களைப் பார்க்கலாம்.

கேள்வி: எத்தனை கிலோ வாங்குவது? (அம்பத்தூர்)

இரண்டு பேருக்கு 6 முதல் 7, நான்கு பேருக்கு 7 முதல் 8. வீட்டிலேயே கம்பளி, பெரிய போர்வை துவைப்பீர்கள் என்றால் 9. கிலோ என்பது உலர்ந்த துணியின் எடை. காட்டன் துணி என்றால் டிரம்மில் முக்கால் பாகம்வரை போடுங்கள், அதற்கு மேல் திணித்தால் அழுக்குப் போகாது.

கேள்வி: தண்ணீர் இரண்டு நாளைக்கு ஒரு முறைதான். வாடகை வீடு, அடிக்கடி மாற வேண்டியிருக்கும். செமி ஆட்டோமேட்டிக் வாங்கினால் போதுமா? எல்லோரும் அது பழசு என்கிறார்கள். (ஆதம்பாக்கம்)

போதும், தாராளமாக வாங்குங்கள். குழாய் அழுத்தம் வேண்டாம், வாளியால் ஊற்றினாலும் ஓடும். வெள்ளைத் துணி துவைத்த அதே சோப்புத் தண்ணீரில் கலர் துணி, கடைசியில் கால் மிதியடி என்று ஓட்டிவிடலாம். 2019 கோடையில் ஏரிகள் வறண்டு ஊரே லாரிக்குக் காத்திருந்தபோது செமி வைத்திருந்தவர்கள் அப்படித்தான் சமாளித்தார்கள். எடை குறைவு, ரிப்பேர் செலவும் குறைவு. கூடவே ஒருவர் நின்று துணியைத் துவைக்கும் தொட்டியிலிருந்து பிழியும் தொட்டிக்கு மாற்ற வேண்டும் என்பது ஒன்றுதான் குறை. அலசிய தண்ணீரைப் பிடித்து வைத்து பாத்ரூம் கழுவலாம்.

கேள்வி: எங்கள் அசோசியேஷன் பால்கனியில் துணி காயப்போடக் கூடாது என்கிறது. கைக்குழந்தை வேறு. மழைக்காலத்தில் வீடு முழுக்க ஈர வாடை. தனி டிரையர் வாங்கலாமா, வாஷரும் டிரையரும் ஒரே மெஷினில் இருப்பதை வாங்கலாமா? (சோழிங்கநல்லூர்)

இடம் இருந்தால் தனி டிரையர், அதிலும் ஹீட் பம்ப் வகை.

இரண்டும் சேர்ந்த மெஷினைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். அதில் 8 கிலோ துவைக்கலாம் என்றால் சுமார் 5 கிலோதான் காய வைக்க முடியும். முழு லோடு துவைத்தால் பாதியை வெளியே எடுத்து வைத்துவிட்டு இரண்டு தவணையாகக் காய வைக்க வேண்டும். அந்த நேரம் முழுவதும் அடுத்த துணியைத் துவைக்க முடியாது. பல மாடல்கள் நீராவியைக் குளிரவைக்கக் குழாய்த் தண்ணீரை வேறு இழுக்கும். தண்ணீரை விலைக்கு வாங்கும் வீட்டில் இது சின்ன விஷயம் இல்லை. ஒரே ஒரு மெஷினுக்குத்தான் இடம் என்றால் மட்டும் அதை வாங்குங்கள்.

தனி டிரையரில் மூன்று வகை. வென்டட் வகை ஈரக் காற்றைக் குழாய் வழியாக வெளியே தள்ளும். ஜன்னல் பக்கமோ சுவரில் ஓட்டையோ வேண்டும். குழாய் போடாமல் ஓட்டினால் அந்த ஈரம் அத்தனையும் உங்கள் அறையில்தான். கண்டன்சர் வகைக்குக் குழாய் வேண்டாம், ஆனால் அறை சூடாகும். ஹீட் பம்ப் வகை ஏ.சி. போல கேஸ், கம்ப்ரசர் வைத்து வேலை செய்கிறது. ஒரே காற்றைச் சுற்றவிட்டு ஈரத்தைத் தண்ணீராகப் பிரித்தெடுக்கிறது. குறைந்த சூட்டில் காய்வதால் துணி அதிகம் சுருங்காது. நேரம் கூடுதலாகும், விலையும் அதிகம்.

கரன்ட் கணக்கைப் பாருங்கள். வென்டட், கண்டன்சர் வகைகளில் 8 கிலோ முழு லோடுக்கு 4 முதல் 5 யூனிட் வரை போகலாம். ஹீட் பம்ப்பில் ஏறக்குறைய 2 யூனிட். குழந்தை இருக்கும் வீட்டில் வாரம் நான்கு லோடு என்றால், இரண்டு மாத இ.பி. கணக்கில், 8 வாரம் என்று வைத்தால், 32 லோடு. முன்னதில் 130 முதல் 160 யூனிட், பின்னதில் 65 யூனிட் அளவு. நம் மின்கட்டணம் ஸ்லாப் முறை என்பதால் இந்த வித்தியாசம் உங்களை அடுத்த ஸ்லாப்புக்கே தள்ளிவிடலாம்.

வாஷரின் ஸ்பின் வேகத்தையும் சேர்த்துப் பாருங்கள். சாதாரண டாப் லோட் நிமிஷத்துக்கு 700 சுற்று அளவில் பிழியும். 1200 அல்லது 1400 சுற்று உள்ள ஃப்ரண்ட் லோட் இன்னும் ஒட்டப் பிழிந்து கொடுக்கும், டிரையருக்கு அந்த அளவுக்கு வேலை குறைவு. டிரையரை அதன் மேலேயே ஸ்டாக்கிங் கிட் போட்டு ஏற்றியும் விடலாம். அந்தக் கிட் இரண்டு மெஷினுக்கும் பொருந்துமா என்று வாங்கும் முன்பே உறுதி செய்துகொள்ளுங்கள்.

ஒவ்வொரு முறையும் டிரையரின் பஞ்சு வலையைச் சுத்தம் செய்யுங்கள். இதில் சோம்பல் கூடாது. பஞ்சு சேர்ந்து தீப்பிடித்த சம்பவங்கள் உண்டு. எண்ணெய்க் கறை உள்ள துணியையும் உள்ளே போடக் கூடாது.

பால்கனித் தடை இல்லாதவர்களுக்கு என் பதில் வேறு. ஐப்பசி, கார்த்திகை மழைக்கு மட்டும் டிரையர் வாங்காதீர்கள். நல்ல ஸ்பின், மேலே ஏற்றி இறக்கும் கொடி, கீழே ஒரு டேபிள் ஃபேன் இருந்தால் ராத்திரிக்குள் பெரும்பாலான துணி காய்ந்துவிடும். மற்ற மாதங்களில் சென்னை வெயில் இலவசமாகச் செய்கிற வேலைக்கு எதற்குக் கரன்ட் கட்ட வேண்டும்?

கேள்வி: வேட்டி, காட்டன் புடவை எல்லாம் மெஷினில் போடலாமா? (மயிலாப்பூர்)

போடலாம். டாப் லோடில் ஒன்றோடொன்று முறுக்கிக்கொள்ளும், அதனால் ஒவ்வொன்றையும் மடித்துத் தனித்தனி வலைப் பையில் போடுங்கள். ஃப்ரண்ட் லோடில் முறுக்கல் குறைவு. கஞ்சியை மட்டும் மெஷினில் ஊற்றாதீர்கள். டிரம்முக்கு வெளியே ஒட்டி அழுகி நாற்றம் வரும். வாளியில் முக்கி எடுத்துக் காயப்போடுங்கள். ஜரிகைப் பட்டு எந்த மெஷினுக்கும் வேண்டாம்.

கேள்வி: கடற்கரைக்குப் பக்கத்து வீடு. பழைய மெஷினின் அடிப்பாகம் துருப்பிடித்துவிட்டது. (பெசன்ட் நகர்)

பால்கனியில் வைக்காதீர்கள், அதுதான் முதல் மருந்து. ஸ்டீல் ஸ்டாண்டுக்குப் பதில் பிளாஸ்டிக் ஸ்டாண்ட், வாரம் ஒரு முறை ஈரத்துணியால் துடைத்து உலர்த்துவது. புது மெஷின் வாங்கும்போது அடியில் எலி புகாமல் தடுக்கும் வலை இருக்கிறதா என்றும் கேளுங்கள். எலி கடித்த வயருக்கு வாரன்டி பெரும்பாலும் கிடைக்காது.

கேள்வி: தரைத்தள வீடு. 2023 டிசம்பர் மிக்ஜாம் வெள்ளத்தில் மெஷின் முழுகிப்போனது. புதிதாக வாங்கும்போது என்ன கவனிக்க வேண்டும்? (முடிச்சூர்)

இரும்பு ஸ்டாண்டில் உயர்த்தி வைக்கிறேன் என்று ஃப்ரண்ட் லோடை ஏற்றாதீர்கள்; வேகமாகப் பிழியும்போது நகர்ந்து விழலாம். சிமென்ட் மேடை கட்டி, பிளக் பாயின்ட்டையும் மேலே மாற்றுங்கள். இல்லையென்றால் நாலு பேர் தூக்கி மாடிக்குக் கொண்டுபோகும்படி எடை குறைந்த டாப் லோடோ செமியோ வாங்குங்கள். தண்ணீர் புகுந்த மெஷினை, வெளியே காய்ந்துவிட்டாலும், மெக்கானிக் பார்க்கும்வரை பிளக்கில் செருகவே கூடாது. ஷாக் அடித்து உயிர் போகும் அபாயம் இருக்கிறது.

கேள்வி: ஆடித் தள்ளுபடியில் ஃப்ரண்ட் லோட் புக் செய்துவிட்டோம். வீட்டுக்கு வரும் முன் என்ன தயார் செய்ய வேண்டும்? (குரோம்பேட்டை)

எர்த் சரியாக உள்ள 16 ஆம்ப் பாயின்ட் வேண்டும். உள்ளே 2 கிலோவாட் அளவுக்கு ஹீட்டர் இருக்கிறது, எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் செருகினால் உருகலாம். அப்புறம் வாசல் அகலத்தை அளந்துகொள்ளுங்கள்.

இன்ஸ்டலேஷன் ஆள் வந்ததும் மெஷின் பின்பக்கம் நீளமான டிரான்ஸிட் போல்ட்களைக் கழற்றுவார். வண்டியில் வரும்போது டிரம் ஆடாமல் பிடித்துக்கொள்பவை அவை. கழற்றாமல் ஓட்டினால் மெஷின் தரையில் குதிக்கும். கழற்றியதை அவர் அட்டைப்பெட்டியோடு எடுத்துக்கொண்டு போகவிடாதீர்கள். எண்ணி வாங்கி, ஒரு கவரில் போட்டு, பில்லோடு பத்திரப்படுத்துங்கள். வீடு மாறும்போது அவற்றைத் திரும்ப மாட்டித்தான் மெஷினை வண்டியில் ஏற்ற வேண்டும்.