வீட்டில் படிக்கும் என் 10 வயது மகனுக்குக் கணக்கு விதிகள் நினைவில் நிற்பதே இல்லை. என்ன செய்யலாம்?

இரவு சொல்லிக்கொடுத்தது காலையில் இருக்காது. நீங்கள் குரலை உயர்த்தியிருப்பீர்கள், அவன் அழுதிருப்பான். எங்கள் வீட்டிலும் அதுதான் நடந்தது. நாங்கள் கடலூர் திருப்பாதிரிப்புலியூரில் இருக்கிறோம். என் மகளுக்கு 11 வயது. மூன்றாம் வகுப்போடு பள்ளியை நிறுத்தி வீட்டில் படிக்கவைக்கிறோம்.

அவள் திணறியது பின்ன வகுத்தலில். "இரண்டாவது பின்னத்தைத் தலைகீழாக்கிப் பெருக்கு" என்று எத்தனை முறை சொல்லியிருப்பேன்! ஒருநாள் முதல் பின்னத்தைக் கவிழ்ப்பாள், மறுநாள் இரண்டையும் கவிழ்ப்பாள். அட்டையில் எழுதிச் சுவரில் ஒட்டினேன். அட்டை இருக்கும்வரை விடை வரும், எடுத்தால் போய்விடும்.

அப்போது நெல்லிக்குப்பத்திலிருந்து மாமியார் வந்திருந்தார். இட்லிக்கு ஊறப்போடும்போது, "அரைப் படி அரிசிக்கு உளுந்து அரைக்கால் படி போதும்" என்றார்.

"அரைக்கால்னா என்ன ஆயா?"

"காலுல பாதி கண்ணு. ஒரு ஆழாக்கு."

எனக்குச் சட்டென்று உறைத்தது. அரையையும் காலையும் பெருக்கினால் 1/8. அந்தப் பெருக்கல் நம் சொல்லுக்குள்ளேயே இருக்கிறது!

அன்றே படி, உழக்கு, ஆழாக்கு மூன்றையும் கூடத்தில் வைத்தோம். படிக்கு 8 ஆழாக்கு, உழக்கு என்றால் கால் படி. மூன்று உழக்கு அரிசியைக் கொட்டி, "முக்கால் படியில் எத்தனை ஆழாக்கு?" என்று கேட்டேன். மொண்டு எண்ணி ஆறு என்றாள். கொஞ்ச நேரம் கழித்து அவளே, "முழுப் படியில எட்டு இருக்கு, அதுல முக்கால்தானே அம்மா" என்றாள். 3/4 ÷ 1/8 என்பது 3/4 × 8 ஆனது அப்படித்தான். மூன்று ஆழாக்கு, அதாவது 3/8 படி பிடிக்கும் கிண்ணத்தால் அளந்தால்? ஆறை மூன்றால் வகுத்து இரண்டு என்றாள். எட்டால் பெருக்கி மூன்றால் வகுத்ததால், 3/8 கவிழ்ந்து 8/3 ஆவதும் புரிந்துவிட்டது. இப்போது விதி மறந்தாலும் படியை நினைத்து அவளே கண்டுபிடித்துவிடுகிறாள்.

பழைய அளவை எதற்கு என்று சிலர் கேட்கலாம். லிட்டர் குவளையிலும் செய்யலாம், எங்கள் வீட்டில் படி இருந்தது, அவ்வளவுதான். மனப்பாடமே கூடாது என்றும் நான் சொல்லவில்லை. 16ஆம் வாய்ப்பாடு வரை தினமும் ஒப்பிக்கிறாள். ஏழெட்டு ஐம்பத்தாறு என்று உடனே வராவிட்டால் பெரிய கணக்கில் யோசிக்கத் தெம்பு இருக்காது. ஒரு விதி புரிந்தபின் இரண்டு நாள் விட்டு ஒருமுறை, ஒரு வாரம் விட்டு ஒருமுறை அதைக் கேளுங்கள். பள்ளிக்குப் போகாதவர்களும் தேர்வு எழுதக்கூடிய தேசியத் திறந்தநிலைப் பள்ளியில் (NIOS) பத்தாம் வகுப்பு எழுதவே 14 வயது ஆக வேண்டும். உங்களுக்கு நேரம் இருக்கிறது.

வீட்டுக் கல்வி என்றாலே ஏதோ குற்றம் போலப் பார்க்கிறார்கள். மகள் பெயரில் கணக்குத் தொடங்கப் போன வங்கிக் கிளையில், ஆதார் அட்டையும் பிறப்புச் சான்றிதழும் கொடுத்த பிறகும் பள்ளிச் சான்று கேட்டு மூன்று முறை அலையவிட்டார்கள். "பிள்ளையை ஏம்மா இப்படி வெச்சிருக்கீங்க?" என்று அவள் எதிரிலேயே கேட்டார்கள். வீடு வரும்வரை அவள் பேசவே இல்லை. இன்னும் மனம் ஆறவில்லை.

உங்கள் மகனுக்கு இரண்டு எண்களில் எது பெரியது என்பதிலேயே தொடர்ந்து குழப்பம் இருந்தால், கற்றல் குறைபாடு பற்றித் தெரிந்த ஒருவரிடம் காட்டுங்கள். இல்லையென்றால் எந்த விதியில் தடுமாறுகிறான் என்று எழுதுங்கள், நாங்கள் அதை எப்படிச் செய்தோம் என்று சொல்கிறேன்.