கப்பலில் நான்கு போனுக்கு ஒரு வைஃபை போதுமா?

கேள்வி: அடுத்த மாதம் சென்னைத் துறைமுகத்திலிருந்து ஐந்து நாள் கப்பல் சுற்றுலா போகிறோம். நான்கு பேர், நான்கு போன், ஒரு லேப்டாப். நடுவில் கொஞ்சம் ஆபீஸ் வேலையும் பார்க்க வேண்டும். கப்பல் வைஃபை விலையைக் கேட்டால் தலை சுற்றுகிறது. செலவைக் குறைக்க வழி உண்டா?

ஒன்று போதும். நாங்களும் நான்கு பேர்தான். ஒரே ஒரு பேக் வாங்கினோம், அதையும் கடைசி இரண்டு நாளுக்குத்தான் வாங்கினோம். அப்படியும் நான் தண்டம் கட்டினேன், ஆனால் வைஃபைக்கு இல்லை. அந்தக் கதை கீழே வருகிறது.

எனக்கு வீடு ராயபுரத்தில். மண்ணடியில் இரும்புக் கடை, பைப் கடை என்று ஏழெட்டுப் பேருக்கு ஜிஎஸ்டி கணக்குப் பார்க்கிறேன். எங்கள் மொட்டை மாடியில் நின்றால் துறைமுகத்துக் கிரேன்கள் தெரியும். 2022 ஜூனில் இங்கிருந்து சொகுசுக் கப்பல் ஓட ஆரம்பித்தது. அடுத்த ஜூனில் இலங்கைக்கும் போக ஆரம்பித்ததும், பிறந்ததிலிருந்து கப்பலைப் பார்த்துக்கொண்டே இருக்கிறோமே, ஒரு தடவை ஏறித்தான் பார்ப்போமே என்று வீட்டில் பேச்சு வந்துவிட்டது. நான், மனைவி, பையன், மாமியார். மாமியாருக்குத் திரிகோணமலையில் கோணேஸ்வரரைப் பார்க்க வேண்டும். எனக்கு மாதத்தின் 20ஆம் தேதிக்குள் கடைக்காரர்களின் 3பி ரிட்டர்ன், அதாவது மாதாந்திர ஜிஎஸ்டி கணக்கு, போட வேண்டும். இரண்டும் ஒரே வாரத்தில் வந்து நின்றன.

கிளம்புவதற்கு முன்னால் காசிமேட்டில் விசைப்படகு வைத்திருக்கும் எங்கள் மாமாவிடம் கேட்டேன், கடலில் எவ்வளவு தூரம் வரைக்கும் சிக்னல் வரும் என்று. அவர் தூரத்தைக் கிலோமீட்டரில் சொல்கிற ஆள் இல்லை, கடல் ஆழத்தில்தான் சொல்வார், அதுவும் பாகக் கணக்கில் (ஒரு பாகம் சுமார் ஆறடி). "இருபது பாகம் தாண்டிட்டா போன் வெறும் டார்ச்சுதான் மாப்ள" என்றார். அது ரொம்பச் சரி. பழைய 2ஜி டவருக்கே கணக்குப்படி 35 கிலோமீட்டர்தான் எல்லை, நடைமுறையில் அதற்கு முன்பே அறுந்துவிடும். கப்பல் கிளம்பி ஒரு மணி நேரம், மிஞ்சிப் போனால் ஒன்றரை மணி நேரத்தில் நம் ஊர் டவர் கைவிட்டுவிடும். படகுக்காரர்கள் அதற்குப் பிறகு விஎச்எஃப் ரேடியோவில் (படகுகள் பேசிக்கொள்ளும் வயர்லெஸ்) அவசர அழைப்புக்கான 16ஆம் சேனலை நம்பித்தான் போகிறார்கள்.

மாமாவுக்குத் தெரியாத விஷயம் ஒன்று உண்டு. அவர் படகில் சிக்னல் போனால் போனதுதான். சொகுசுக் கப்பலில் போன சிக்னல் திரும்பி வரும்! பல கப்பல்களுக்குள்ளேயே குட்டி டவர் வைத்திருக்கிறார்கள். கரையிலிருந்து 12 கடல் மைல், அதாவது சுமார் 22 கிலோமீட்டர் தாண்டியதும் பொதுவாக அதை ஆன் செய்வார்கள். அது செயற்கைக்கோள் வழியாகக் கரைக்குப் பேசும். நம் போனுக்கு அது இன்னொரு வெளிநாட்டு நெட்வொர்க், அவ்வளவுதான். ரோமிங் ஆனில் இருந்தால் கேட்காமல் கொள்ளாமல் போய் ஒட்டிக்கொள்ளும். துபாய்க்கும் சிங்கப்பூருக்கும் நாம் போடுகிற ரோமிங் பேக் பெரும்பாலும் இதற்குச் செல்லாது, ஏனென்றால் அது நாட்டுக்கான பேக், கடலுக்கானது இல்லை. பேக் இல்லாமல் டேட்டா ஓடினால் எம்பிக்கு நூற்றுக்கணக்கான ரூபாய் போகும்.

என் தண்டம் இப்படித்தான். என் சிம் போஸ்ட்பெய்டு. முந்தைய வருஷம் வெளிநாடு போனபோது போட்ட இன்டர்நேஷனல் ரோமிங்கை அணைக்கவே இல்லை. கப்பலில் ஏறியதும் ஒழுங்காக ஃபிளைட் மோடில்தான் போட்டேன். எங்களுடையது ஜன்னல் இல்லாத உள் அறை. விளக்கை அணைத்தால் கண்ணை மூடியிருக்கிறோமா திறந்திருக்கிறோமா என்றே தெரியாத இருட்டு. இரண்டாம் நாள் ராத்திரி பாத்ரூம் போவதற்காக டார்ச் போடலாம் என்று திரையை மேலிருந்து இழுத்தேன். என் போனில் டார்ச் பொத்தானுக்குப் பக்கத்திலேயே விமானப் பொத்தான். தூக்கக் கலக்கத்தில் விரல் அதில் பட்டிருக்கிறது. டார்ச் எரியவில்லையே என்று மறுபடி தட்டினேன், இந்தத் தடவை எரிந்தது. காலையில் பார்த்தால் ஒன்பது குறுஞ்செய்தி, எல்லாம் பெயர் தெரியாத ஒரு நெட்வொர்க்கிலிருந்து வரவேற்பு. ராத்திரி முழுக்கப் போன் கோயில் படங்களை ஒவ்வொன்றாகக் கூகுள் போட்டோஸுக்கு ஏற்றிக்கொண்டு இருந்திருக்கிறது. பில் மூவாயிரத்து எண்ணூற்றுச் சொச்சம். கம்பெனிக்குப் போன் போட்டால், "சார், கப்பல் உங்க பேக்ல இல்ல" என்று ஒரே வரியில் முடித்துவிட்டார்கள்.

அதனால் வைஃபை கணக்கைப் பார்ப்பதற்கு முன்னால் இதை முடியுங்கள். நான்கு சிம்மிலும் இன்டர்நேஷனல் ரோமிங் என்ன நிலைமையில் இருக்கிறது என்று வீட்டில் உட்கார்ந்து பாருங்கள். ரோமிங் ஆக்டிவேட் ஆகாத ப்ரீபெய்டு சிம் என்றால் பயமில்லை, ஒட்டினாலும் ஒட்டாது. போஸ்ட்பெய்டு என்றால் டேட்டா ரோமிங்கை அணைத்து, துறைமுகத்தில் ஏறும்போதே ஃபிளைட் மோடும் போட்டுவிடுங்கள். வைஃபையை மட்டும் தனியாக ஆன் செய்துகொள்ளலாம், இரண்டும் சேர்ந்து வேலை செய்யும். பெரியவர்கள் யாராவது இருந்தால் சிம்மையே கழற்றிப் பர்ஸில் வைத்துவிடுங்கள். மாமியார் போனுக்கு அதைத்தான் செய்தேன். பில் வராத ஒரே போன் என்று இன்றைக்கும் சொல்லிக் காட்டுகிறார்.

அப்புறம் வைஃபை. கப்பல் வைஃபையில் இணைவது வேறு, இணையம் வேறு. பல கப்பல்களில் அவர்களுடைய ஆப் (சாப்பாட்டு மெனு, நிகழ்ச்சி நேரம், அறைக் கணக்கு) காசில்லாமலே கப்பல் வைஃபையில் ஓடும். ஆப்பைக் கரையிலேயே இறக்கி வைத்துக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான். வெளியுலக இணையத்துக்குத்தான் காசு. அதைக் கப்பலில் ஏறிய பிறகு வாங்குவதைவிட முன்பதிவின்போதே வாங்கினால் பெரும்பாலும் விலை குறையும். வாட்ஸாப் மாதிரி செய்திக்கு மட்டும் ஒரு மலிவான பேக் இருக்கிறதா, ஒரு நாள் பேக் தருவார்களா என்றும் கேளுங்கள்.

ஒரு கருவிக்கான பேக் என்றால் ஒரு நேரத்தில் ஒரு கருவி என்றுதான் பல இடங்களில் அர்த்தம். ஒரு போனில் லாக் அவுட் செய்துவிட்டு அடுத்ததில் லாகின் செய்யலாம். எங்கள் வீட்டில் காலை எட்டு மணிக்கு மாமியார், எட்டரைக்கு மனைவி, பத்துக்கு மேல் என் லேப்டாப், சாயங்காலம் பையன். தெருக்குழாயில் குடம் வரிசை போட்ட ஊர்க்காரர்கள் நாம், இது ஒரு பெரிய விஷயமே இல்லை. லாக் அவுட் செய்ய மறக்கிறவர்கள்தான் பிரச்சினை. லேப்டாப்பை மூடினால் லாக் அவுட் ஆகிவிடும் என்று நினைக்காதீர்கள். இன்னொன்று, இப்போதைய போன்கள் வைஃபைக்குத் தன் உண்மையான முகவரியை (மேக் அட்ரஸ் என்கிற கருவி அடையாள எண்) சொல்லாமல் மாற்றி மாற்றிச் சொல்லும். கப்பல் சிஸ்டம் அதைப் புதுப் போன் என்று நினைத்துவிடலாம். அந்த ஒரு நெட்வொர்க்குக்கு மட்டும் அந்த வசதியை அணைத்து வையுங்கள். ஒரு பேக் வாங்கி லேப்டாப்பிலிருந்து ஹாட்ஸ்பாட் போட்டு எல்லோருக்கும் பகிரலாமே என்று தோன்றும். சில கப்பல்களில் அதற்குத் தடை, ரவுட்டர் கொண்டுபோனால் வாங்கி வைத்துக்கொள்வார்கள். விதியைப் படித்துவிட்டுச் செய்யுங்கள்.

வேகத்தைப் பற்றி ஒரு வார்த்தை. கப்பல் எந்தச் செயற்கைக்கோளை நம்பியிருக்கிறது என்பதைப் பொறுத்தது. பழைய வகை பூமிக்கு மேலே கிட்டத்தட்ட 36,000 கிலோமீட்டரில் நிற்கும். நாம் கேட்பது மேலே போய்க் கீழே இறங்கி, பதிலும் அதே வழியில் திரும்ப வேண்டும். மொத்தம் 1,44,000 கிலோமீட்டர், ஒளி வேகத்திலேயே அரை நொடி. போனில் நாம் ஒரு வார்த்தை பேசி, அவர் ஒரு வார்த்தை பேசி, இரண்டும் முட்டிக்கொள்ளும். ஸ்டார்லிங்க் மாதிரியான புது வகை சுமார் 550 கிலோமீட்டர் உயரத்தில்தான் சுற்றுகிறது, அதில் வீடியோ காலே நன்றாகப் போகும். பதிவு செய்யும்போது எது என்று கேட்டுவிடுங்கள். பழைய வகை என்றால் மீட்டிங் ஆசையை விட்டுவிடலாம், மெயில் மட்டும்தான். இதில் ஒரு வேடிக்கை பாருங்கள். சென்னையிலிருந்து அந்தமானுக்குக் கடலடியில் சுமார் 2,300 கிலோமீட்டர் கேபிள் போட்டு 2020 ஆகஸ்டில் திறந்தார்கள். அந்தமான் கப்பலில் போகிறவர்களுக்குக் காலடியில் அத்தனை இணையம் ஓடுகிறது, கையில் ஒரு கோடு சிக்னல் இல்லை.

வைஃபை வாங்கியும் இழுக்கவில்லை என்றால் அறைக் கதவருகே போய் உட்காருங்கள். அறைச் சுவர் இரும்புத் தகடு. பையன் ஊரிலிருந்து கொண்டுவந்த ஃபிரிட்ஜ் காந்தத்தைச் சும்மா ஒட்டிப் பார்த்தான், கப்பென்று பிடித்துக்கொண்டது. இணையப் பெட்டி வெளியே வராந்தாவில், நாம் தகரப் பெட்டிக்குள். நான் ரிட்டர்ன் வேலையைப் பாதி நேரம் கதவைக் கால் கட்டை விரலால் முட்டுக்கொடுத்து வைத்துக்கொண்டுதான் பார்த்தேன்.

லேப்டாப்பில் கரையிலேயே செய்ய வேண்டியது: விண்டோஸ் அப்டேட்டை முடித்துவிடுங்கள். கப்பல் வைஃபையை 'மீட்டர்டு' (டேட்டா அளவோடு கிடைக்கும் இணைப்பு) என்று குறித்துவிட்டால் பெரிய அப்டேட்டுகளைப் பெரும்பாலும் அதுவாக இறக்காது. கோப்புகளைத் தானாக இணையத்துக்கு ஏற்றும் ஒன்டிரைவை நிறுத்தி வையுங்கள். கூகுள் டாக்ஸ், ஜிமெயில் இரண்டுக்கும் ஆஃப்லைன் வசதி இருக்கிறது, ஆனால் இணையம் இருக்கும்போதுதான் அதை ஆன் செய்ய முடியும். ஆபீஸ் வேலைக்கு விபிஎன் (ஆபீஸ் நெட்வொர்க்கோடு பாதுகாப்பாக இணையும் வழி) வேண்டும் என்றால், மலிவான பேக்குகளில் அதைத் தடுத்திருக்கலாம், கேட்டுவிட்டு வாங்குங்கள். போனில் வாட்ஸாப் படங்கள் தானாக இறங்குவதையும் கூகுள் போட்டோஸ் பேக்கப்பையும் அணைக்க வேண்டும். இதை ஏன் அழுத்திச் சொல்கிறேன் என்று உங்களுக்குத் தெரியும்.

ஓடிபியை நிறையப் பேர் மறந்துவிடுகிறார்கள். சிம் ஃபிளைட் மோடில் தூங்கும்போது பேங்க் ஓடிபி வராது. நான் என் கடைக்காரர்களிடம் ஏறுவதற்கு முன்பே சொல்லிவிட்டேன். ரிட்டர்ன் ஓடிபி அவர்கள் போனுக்குத்தான் போகும், வந்த உடனே வாட்ஸாப்பில் அனுப்ப வேண்டும் என்று. ஆறு பேர் அனுப்பினார்கள். ஒருவர் மத்தியானத் தூக்கம். அவருக்கு மட்டும் மூன்று தடவை ஓடிபி கேட்டு, கப்பல் இணையமும் நடுவில் நின்று, ஒரு மணி நேரம் போனது. உங்கள் வேலையில் பணம் கட்டுவது எதுவும் இருந்தால் கிளம்புவதற்கு முதல் நாளே முடித்துவிடுங்கள்.

துறைமுகத்தில் கப்பல் நிற்கிற நாள்தான் உண்மையான மலிவு. திரிகோணமலையோ அம்பாந்தோட்டையோ காங்கேசன்துறையோ, இறங்கியதும் பாஸ்போர்ட்டைக் காட்டி டயலாக் அல்லது மொபிடெல் சிம் ஒன்று வாங்கலாம், அல்லது ஊரிலேயே இலங்கை இசிம் (அட்டை இல்லாமல் போனுக்குள்ளேயே ஏற்றும் சிம்) போட்டுக்கொண்டு போகலாம். நான்கு பேருக்கும் வேண்டாம். ஒருவர் போட்டுக்கொண்டு மற்றவர்களுக்கு ஹாட்ஸ்பாட் கொடுத்தால் போதும். பெரிய மெயில், போட்டோ பேக்கப், வீட்டுக்கு வீடியோ கால் எல்லாம் அப்போது. கப்பல் திரும்பக் கிளம்பும் முன் அந்த சிம்மிலும் ரோமிங்கை அணைத்துவிடுங்கள், கரை போனதும் அதுவும் கப்பல் டவரைத் தேடலாம். இலங்கைக்கும் நமக்கும் ஒரே நேரம் என்பதால் கடிகாரக் குழப்பம் இல்லை. சிங்கப்பூர்ப் பக்கம் என்றால் இரண்டரை மணி நேரம் கூடும், கப்பல் நேரம் எதுவென்று பார்த்துப் போன் கடிகாரத்தைக் கையால் வைத்துக்கொள்ளுங்கள்.

செலவைக் குறைக்க யாராவது சாட்டிலைட் போன் யோசனை சொன்னால் காதிலேயே வாங்காதீர்கள். நம் நாட்டில் அனுமதி இல்லாமல் அதை வைத்திருப்பதே குற்றம், துறைமுகச் சோதனையில் மாட்டினால் பயணமே போலீஸ் ஸ்டேஷனோடு முடிந்துவிடும்.

கடைசியாகப் பிளக். அறையில் இரண்டே இரண்டு பிளக் பாயின்ட், இரண்டிலும் நம் ஊர் மூன்று பின் நுழையாது. நான் வீட்டு ஸ்பைக் பஸ்டரைப் பெட்டியில் வைத்திருந்தேன். ஸ்கேனரில் பார்த்து எடுத்து, ஒரு சீட்டு எழுதிக் கொடுத்துவிட்டு, இறங்கும்போது வாங்கிக்கொள்ளுங்கள் என்றார்கள். தீ பயம், பல கப்பல்களில் இதற்குத் தடை. அதற்குப் பதிலாக உருண்டை இரண்டு பின் அடாப்டர் ஒன்று, நான்கு யுஎஸ்பி ஓட்டை உள்ள சார்ஜர் ஒன்று, ஒரு பவர் பேங்க். துறைமுகத்துக்கு எதிரில்தான் பர்மா பஜார் இருக்கிறது, மறந்துவிட்டாலும் அங்கேயே வாங்கிக்கொள்ளலாம். வாங்கும்போது உங்கள் லேப்டாப் பிளக்கையும் கையோடு எடுத்துப் போய் மாட்டிப் பாருங்கள். எனக்குக் கொடுத்த முதல் அடாப்டரில் அது நுழையவே இல்லை.