டொக்யுமென்ட்ஸ் போல்டரை டி ட்ரைவுக்கு மாற்றுவது எப்படி? வாசகர் கேள்வி-பதில்

சி ட்ரைவ் நிரம்பிச் சிவப்பாகிவிட்டது, என்ன செய்யலாம் என்று பலர் எழுதியிருக்கிறீர்கள். ஒரே மாதிரியான கேள்விகளைச் சேர்த்துப் பதில் தருகிறேன். விண்டோஸ் 10, 11 இரண்டுக்கும் இவை பொருந்தும்.

கேள்வி (கோண்டாவில்): சேர், என் கொம்பியூட்டரில் சி ட்ரைவ் 120 ஜிபி எஸ்எஸ்டி. டி ட்ரைவ் 1 டிபி, அநேகமாக வெறுமையாகவே கிடக்கிறது. டொக்யுமென்ட்ஸில் உள்ளதை கட் பண்ணி டியில் பேஸ்ட் பண்ணினால் போதுமா?

பதில்: போதாது. இன்றைக்கு இடம் கிடைக்கும், ஆனால் நாளைக்கு வேர்டில் சேவ் கொடுத்தால் பைல் திரும்பவும் சியில்தான் போய் இருக்கும். போல்டர் இருக்கும் இடத்தையே மாற்றிவிட்டதாக விண்டோஸுக்குச் சொல்ல வேண்டும்.

முதலில் டி ட்ரைவுக்குள் டொக்யுமென்ட்ஸ் என்ற பெயரில் ஒரு புதுப் போல்டர் போடுங்கள். அப்புறம் பைல் எக்ஸ்ப்ளோரரின் இடப்பக்கத்தில் உள்ள டொக்யுமென்ட்ஸ் மேல் ரைட் கிளிக் செய்து, புரொப்பர்ட்டீஸ் போய், லொக்கேஷன் என்ற பகுதியைத் திறவுங்கள். மூவ் பட்டனை அழுத்தி அந்தப் புதுப் போல்டரைக் காட்டி, அப்ளை கொடுங்கள். பழைய இடத்தில் உள்ள பைல்களையும் கொண்டுபோகவா என்று கேட்கும். யெஸ் கொடுங்கள். பிக்சர்ஸ், டவுன்லோட்ஸ், டெஸ்க்டொப் எல்லாவற்றுக்கும் இதே வழிதான், ஆனால் ஒவ்வொன்றுக்கும் தனிப் போல்டர் வேண்டும்.

இந்த இடத்தில்தான் பலர் மாட்டிக்கொள்கிறார்கள். புதுப் போல்டர் போடாமல் டி ட்ரைவையே நேராகக் காட்டிவிட்டால், முழு டி ட்ரைவும் டொக்யுமென்ட்ஸ் ஆகிவிடும். அதைப் பழையபடி ஆக்குவது பெரிய தலையிடி. இரண்டு போல்டர்களுக்கு ஒரே இடத்தைக் கொடுத்தாலும் இதே கதிதான்.

இன்னொன்று. ஒரு ட்ரைவில் இருந்து மற்றதற்கு நகர்த்தும்போது விண்டோஸ் பைலைப் பிரதி எடுத்துவிட்டுப் பழையதை அழிக்கிறது. நடுவில் கரண்ட் போனால் பாதி அங்கும் பாதி இங்குமாக நிற்கும். யூபிஎஸ் இல்லாவிட்டால், முக்கியமானவற்றை முன்கூட்டியே வேறொரு ட்ரைவில் பிரதி எடுத்து வைத்துவிட்டுத் தொடங்குங்கள்.

கேள்வி (நெல்லியடி, ஆசிரியை): நீங்கள் சொன்ன மாதிரி லொக்கேஷனை மாற்றப் போனால், இந்தப் போல்டரை நகர்த்த முடியாது என்று வருகிறது. பாதையில் வன்ட்ரைவ் என்ற சொல்லும் நிற்கிறது.

பதில்: டீச்சர், வன்ட்ரைவ் (OneDrive) என்பது மைக்ரோசொப்டின் இணையச் சேமிப்பு. உங்கள் டொக்யுமென்ட்ஸை அது ஏற்கெனவே தன் போல்டருக்குள் எடுத்துவிட்டது. கொம்பியூட்டரை முதலில் செட் பண்ணும்போது இது பெரும்பாலும் தானாகவே நடந்துவிடும். இலவசக் கணக்கில் இடம் 5 ஜிபிதான். பாட விடியோக்கள் இருந்தால் அது சீக்கிரம் நிரம்பிவிடும்.

முதலில் வன்ட்ரைவ் போல்டரில் மேகப் படம் உள்ள பைல்களைக் கவனியுங்கள். அவை இணையத்தில் மட்டும் இருக்கின்றன. அவற்றின் மேல் ரைட் கிளிக் செய்து, எப்போதும் இந்தக் கருவியில் வைத்திரு என்பதைக் கொடுத்து இறக்கிக்கொள்ளுங்கள். பிறகு வன்ட்ரைவ் செட்டிங்ஸில் பேக்கப் பகுதிக்குப் போய் டொக்யுமென்ட்ஸை நிறுத்துங்கள். நிறுத்தியதும் டொக்யுமென்ட்ஸ் வெறுமையாகத் தெரியக்கூடும். பதற வேண்டாம், பைல்கள் வன்ட்ரைவ் போல்டருக்குள் பத்திரமாக இருக்கும். இப்போது லொக்கேஷனை மாற்றுங்கள். கடைசியில் பைல்களை அங்கிருந்து எடுத்துப் புது இடத்தில் போடுங்கள்.

கேள்வி (மானிப்பாய்): யூசர்ஸ் போல்டரை அப்படியே டிக்கு மாற்றினால் ஒரேயடியாக வேலை முடியாதா?

பதில்: வேண்டாம். அதற்குள் இருக்கும் ஆப்டேட்டா (AppData) என்ற போல்டர் புரோகிராம்களுக்குரியது. அதைத் தொட்டால் விண்டோஸ் அப்டேட் வரும்போது பிரச்சினை வரும். உங்கள் சொந்தப் போல்டர்களோடு நில்லுங்கள்.

கேள்வி (சாவகச்சேரி): லப்டொப்பில் ஒரு ட்ரைவ்தான். யூஎஸ்பி ஹாட் டிஸ்குக்கு டொக்யுமென்ட்ஸை மாற்றலாமா?

பதில்: லொக்கேஷனை அங்கே கொடுக்காதீர்கள். வயரைக் கழற்றிய நேரம் டொக்யுமென்ட்ஸே இல்லை என்று விண்டோஸ் சொல்லும். யூஎஸ்பி டிஸ்க் பிரதி எடுக்கத்தான் நல்லது.

கேள்வி (சுன்னாகம்): விண்டோஸைத் திரும்பப் போட வேண்டும் என்று கடையில் சொல்கிறார்கள். எல்லாம் டியில் இருப்பதால் பயமில்லைத்தானே?

பதில்: டியைத் தொட வேண்டாம் என்று கடைக்காரரிடம் தெளிவாகச் சொல்லுங்கள். டெஸ்க்டொப்பை நீங்கள் மாற்றாவிட்டால் அது இன்னும் சியில்தான் இருக்கிறது, போர்மட் பண்ணினால் போய்விடும். விண்டோஸ் போட்ட பிறகு லொக்கேஷனையும் மறுபடி டிக்குக் காட்ட வேண்டும்.

எங்கள் ஊரில் இன்னொரு வில்லங்கமும் உண்டு: ஆங்கில எழுத்துகளையே தமிழ் வடிவில் காட்டும் பழைய பாமினி எழுத்துரு. கடிதங்கள் டியில் இருந்தாலும் எழுத்துரு சியில்தான் இருக்கிறது. சியை அழித்தபின் பைலைத் திறந்தால், அம்மா என்று அடித்த இடத்தில் எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்று ஆங்கில எழுத்துகள் நிற்கும். பைல் பழுதாகிவிட்டது என்று நினைத்து அழித்துவிடாதீர்கள். பாமினியைப் போட்டதும் தமிழ் திரும்ப வரும். அதனால் அந்த எழுத்துரு பைலையும் டியில் ஒரு போல்டரில் வைத்திருங்கள். இனி எழுதப்போவதையாவது யூனிகோடில் எழுதினால் இந்தத் தொல்லையே இல்லை.

கேள்வி (கொக்குவில்): 95 இடப்பெயர்வில் கொண்டுபோய்க் கொண்டுவந்த காணி உறுதி, பிறப்புப் பத்திரங்கள், அப்பா அம்மாவின் கல்யாணப் படம் எல்லாவற்றையும் மகன் ஸ்கேன் பண்ணி டியில் போட்டுத் தந்தான். இனிப் பாதுகாப்புத்தானே?

பதில்: ஐயா, இந்தக் கேள்விக்குத்தான் நான் கூடுதலாக எழுத விரும்புகிறேன். டி என்பது பெரும்பாலும் தனி ஹாட் டிஸ்க் அல்ல, ஒரே டிஸ்கை இரண்டாகப் பிரித்ததில் ஒரு பங்கு. டிஸ்க் பழுதானால் சியும் டியும் ஒன்றாகவே போகும். உங்களுடையது எப்படி என்று பார்க்க டாஸ்க் மனேஜரைத் திறந்து பெர்போமன்ஸ் பகுதிக்குப் போங்கள். டிஸ்க் 0 என்பதற்குப் பக்கத்தில் சி, டி இரண்டும் அடைப்புக்குள் சேர்ந்து நின்றால் அது ஒரே டிஸ்க். டிஸ்க் 0, டிஸ்க் 1 என்று பிரிந்து நின்றால் இரண்டு. இரண்டாக இருந்தாலும் டியில் உள்ளது ஒரே ஒரு பிரதிதான். இடம் மாறியிருக்கிறது, எண்ணிக்கை கூடவில்லை.

ஆகவே ஒரு யூஎஸ்பி டிஸ்க் வாங்கி அந்தப் போல்டரைக் கொப்பி பண்ணுங்கள், கட் பண்ண வேண்டாம். அதைக் கொம்பியூட்டர் மேசையில் வைக்காமல் சகோதரி வீட்டிலோ வேறெங்கோ கொடுத்து வையுங்கள். பிள்ளைகள் வெளிநாட்டில் இருந்தால் அவர்களுக்கும் ஒரு பிரதி அனுப்புங்கள். ஆவணங்கள் இருப்பதால் டிஸ்குக்கு பாஸ்வேர்ட் போட விரும்பினால், அதன் மீட்புச் சாவியை (பாஸ்வேர்ட் மறந்தால் திறக்க உதவும் நீண்ட இலக்கம்) கடதாசியில் எழுதி வேறிடத்தில் வையுங்கள். பாஸ்வேர்டும் மறந்து அதுவும் தொலைந்தால் யாராலும் திறக்க முடியாது.

ஸ்கேன் எடுத்தாயிற்று என்று மூல உறுதியைக் கைவிட்டுவிடாதீர்கள். ஸ்கேன் உறுதிக்குப் பதிலாகாது. ஆனால் உறுதி இலக்கம், திகதி, நொத்தாரிசின் பெயர் அதில் தெளிவாக இருந்தால், மூலம் தொலைந்தாலும் காணிப் பதிவகத்தில் தேடச் சொல்ல அது உதவும். அந்தப் பக்கங்கள் மங்கலாக இருந்தால் மகனிடம் சொல்லித் திரும்ப எடுப்பியுங்கள். பைலின் பெயரையும் ஸ்கேன் 001 என்று விடாமல், யாருடைய உறுதி, எந்தக் காணி, எந்த ஆண்டு என்று மாற்றுங்கள்.

பிரதி எடுத்த பிறகு யூஎஸ்பி டிஸ்கை வேறொரு கொம்பியூட்டரில் செருகி, உறுதியின் கடைசிப் பக்கம்வரை திறக்கிறதா என்று பாருங்கள்.