அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் முன்னாள் மாணவர் தன்னார்வலர்கள் என்னதான் செய்கிறார்கள்? சம்பளம் உண்டா?

சம்பளம் கிடையாது, பொறுப்பு மட்டும் நிறைய. பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தை எடுத்துக்கொள்வோம். அங்கே எல்லாமே பட்டம் பெற்ற ஆண்டுக் கணக்குதான். ஒரே ஆண்டில் பட்டம் பெற்றவர்கள் ஓர் அணி. ஒவ்வோர் ஆண்டு அணிக்கும் தலைவர், செயலாளர், பொருளாளர் உண்டு. முன்னாள் மாணவர் இதழில் வரும் கல்யாணம், குழந்தை, புது வேலைச் செய்திகளைத் திரட்டித் தருவது செயலாளர் வேலை.

சிரமமான வேலை நன்கொடை திரட்டுபவருக்குத்தான். 1940-இல் தொடங்கிய ஆண்டு நன்கொடைத் திட்டத்துக்காகப் பழைய நண்பர்களை அழைத்துப் பணம் கேட்க வேண்டும். கணக்கு ஜூன் 30-இல் முடிவதால் கடைசி வாரங்களில் போன் ஓயாது. பல்கலைக்கழக அலுவலகம் அனுப்பும் மின்னஞ்சலைப் பார்க்காமல் அழித்துவிடலாம். விடுதியில் பக்கத்து அறையில் இருந்தவனே கூப்பிட்டால் எப்படித் தட்டிக்கழிப்பது? சூட்சுமமே அங்கேதான். எத்தனை சதவீதம் பேர் கொடுத்தார்கள் என்றும் பார்ப்பார்கள். அதனால் சின்னத் தொகைக்கும் மதிப்பு உண்டு.

அப்புறம் மே மாதக் கடைசியில் நடக்கும் ஒன்றுகூடல். சாப்பாடு, கூடாரம், பல்கலைக்கழக நிறமான ஆரஞ்சு–கறுப்பில் உடை என்று பல மாதம் முன்பே தன்னார்வலர் குழு இறங்கிவிடும். ஊர்வலத்தில் வரும் மிகப் பழைய ஆண்டு அணியின் மூத்தவருக்கு வெள்ளிக் கைத்தடி தருவார்கள்.

வெறும் வசூல், விருந்தோடு நிற்பதில்லை. பல்கலைக்கழகத்தை நிர்வகிக்கும் அறங்காவலர் குழுவின் சில இடங்களுக்கு முன்னாள் மாணவர்களே வாக்களித்து ஆளைத் தேர்ந்தெடுக்கிறார்கள்.