எடை சரி, வெள்ளி சரி, 'எஸ்' சரியா?

கேள்வி: நியூ ஜெர்சியில் வசிக்கிறேன். ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில், சான் பிரான்சிஸ்கோவின் ஊர்க்குறியான 'எஸ்' பொறித்த 1893 மோர்கன் வெள்ளி டாலர் நாணயம் ஒன்றை 650 டாலருக்கு வாங்கினேன். தாத்தா பெட்டியில் இருந்தது என்றார் விற்றவர். தராசில் 26.6 கிராம் காட்டுகிறது. காந்தத்தில் ஒட்டவில்லை. தெரிந்த நகைக்கடையில் மெஷினில் வைத்துப் பார்த்து 90 சதவீதம் வெள்ளி என்றார்கள். அப்படியானால் அசல்தானே? கருத்துப்போய், ஓரத்தில் பச்சையாகப் பிசுபிசுக்கிறது. தர மதிப்பீட்டுக்கு அனுப்பும் முன் விபூதி போட்டுத் துலக்கலாமா?

பதில்: முதலில் விபூதியை எடுத்த இடத்திலேயே வைத்துவிடுங்கள். அதற்குப் பிறகு வருகிறேன்.

நீங்கள் செய்த மூன்று சோதனைகளும் நல்ல சோதனைகள்தான். மோர்கன் டாலர் 26.73 கிராம், குறுக்களவு 38.1 மில்லிமீட்டர், பத்தில் ஒன்பது பங்கு வெள்ளி, மீதி செம்பு. புழங்கியதில் எடை கொஞ்சம் குறைவது இயல்பு. முலாம் பூசிய இரும்பு, பித்தளைப் போலிகள் இந்தச் சோதனைகளில் மாட்டிக்கொள்ளும். உங்கள் விஷயத்தில் பயப்பட வேண்டியது வேறு: டாலர் அசலாகவே இருந்து, 'எஸ்' மட்டும் போலியாக இருப்பது.

1893இல் சான் பிரான்சிஸ்கோ நாணயச்சாலை அடித்தது வெறும் 1,00,000 டாலர்கள். புழக்கத்துக்கு அடித்த மோர்கன்களில் எண்ணிக்கையில் இதுதான் மிகக் குறைவு. அதே ஆண்டு பிலடெல்பியாவில் 3,78,000 அடித்தார்கள். அவற்றில் ஊர்க்குறி ஏதும் இருக்காது. அதில் ஒன்றை வாங்கி, பின்பக்கம் மலர்வளைய முடிச்சுக்குக் கீழே ஒரு பொடி 'எஸ்' ஒட்டிவிட்டால் விலை பல மடங்கு ஏறிவிடும். இன்னொரு வழி, 40 லட்சத்துக்கு மேல் அடித்த 1898 'எஸ்' நாணயத்தில் கடைசி 8ஐச் செதுக்கி 3 ஆக்குவது. இரண்டிலும் எடையும் வெள்ளியும் கச்சிதமாக இருக்கும். அரசாங்கமே அடித்த டாலர் அல்லவா! நகைக்கடை மெஷினிடம் உலோகம் என்ன என்று கேட்டீர்கள், அதற்கு அது ஒழுங்காகவே பதில் சொல்லிவிட்டது.

விலையே உங்களை எச்சரித்திருக்க வேண்டும். உண்மையான 1893 'எஸ்' மொழுமொழுவென்று தேய்ந்திருந்தாலும் 2,000 டாலருக்கு மேல் போகும். இது தெரியாத சந்தை வியாபாரி அமெரிக்காவில் இல்லை. அத்தனை தாத்தாக்களும் இந்த ஒரே நாணயத்தைப் பெட்டியில் பூட்டி வைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள் என்று நம்பச் சொல்கிறார்கள்.

வீட்டிலேயே பார்க்கலாம். 10 மடங்கு லென்ஸ் ஒன்றும், பக்கவாட்டிலிருந்து வெளிச்சம் விழும் ஒரு மேஜை விளக்கும் போதும். எல்லோரும் முதலில் 'எஸ்'ஸைத்தான் முறைத்துப் பார்ப்பார்கள். நீங்கள் தலைப்பக்கத்தைத் திருப்புங்கள். புழக்கத்துக்கு வந்த 1893 'எஸ்' டாலர்கள் அத்தனைக்கும் தலைப்பக்க அச்சு ஒன்றே ஒன்றுதான். அந்த அச்சில் இருந்த சின்னக் குறைகள் எல்லா நாணயத்திலும் அப்படியே விழுந்திருக்கின்றன. ஆண்டு எண்ணில் உள்ள 1, விளிம்பை ஒட்டிய பல் வரிசையில் ஒரு பல்லுக்கு நேர் மேலே நிற்கும். இரண்டு பல்லுக்கு நடுவில் நிற்காது. நான்கு இலக்கங்களும் வலப்பக்கம் போகப் போக லேசாக மேலேறும். பெண்ணின் தலைப்பட்டையில் 'லிபர்ட்டி' (LIBERTY) என்ற சொல்லில் உள்ள 'டி' (T) எழுத்தின் உச்சியில் சாய்ந்த கோடு ஒன்று முடியளவு மேடாகத் தெரியும். 'டி'யில் கோடு இல்லை, 1ம் தள்ளி நிற்கிறது என்றால் கதை முடிந்தது. வேறு எதையும் பார்க்க வேண்டாம்.

இதில் தேறினால் மட்டும் பின்பக்கம் வாருங்கள். 'எஸ்'ஸின் அடிவாரத்தை விளக்கொளியில் சாய்த்துச் சாய்த்துப் பாருங்கள். அச்சில் விழுந்த எழுத்து தரையிலிருந்தே எழும்பியதுபோல் இருக்கும். ஒட்டியதானால் காலடியில் மயிரிழை இடைவெளியோ, நிறம் மாறிய வளையமோ, ராவிய கீறலோ தெரியும். ஊசியால் நெம்பிப் பார்க்காதீர்கள்.

இப்போது விபூதி. துணியாலோ பொடியாலோ துலக்கினால் ஆயிரம் நுண்கீறல் விழும். மதிப்பீட்டு நிறுவனம் அதைப் பார்த்ததும் தர எண் கொடுக்காது. 'துலக்கப்பட்டது' என்று எழுதித் திருப்பி அனுப்பும். விலை சரியும். கறுப்பு என்பது வெள்ளியும் கந்தகமும் சேர்ந்த படலம். அது பாட்டுக்கு இருக்கட்டும். புளி, எலுமிச்சை, பற்பசை, கடையில் விற்கும் வெள்ளி முக்கி எடுக்கும் திரவம், எதுவும் கூடாது.

ஒன்றே ஒன்று மட்டும் விதிவிலக்கு: அந்தப் பச்சைப் பிசுபிசுப்பு. மலிவான, வளையும் பிவிசி உறையில் வருடக்கணக்கில் கிடந்தால் பிளாஸ்டிக்கிலிருந்து கசிந்து படிவது அது. விட்டால் வெள்ளியை அரிக்கும். இரும்புக் கடையில் கலப்பில்லாத அசிட்டோன் வாங்குங்கள். நகப்பூச்சு அழிக்கும் திரவம் வேண்டாம், அதில் வாசனையும் எண்ணெயும் கலந்திருக்கும். கண்ணாடிக் கிண்ணத்தில் ஊற்றுங்கள். சில பிளாஸ்டிக்குகள் அதில் கரைந்துவிடும். ஜன்னலைத் திறந்து வையுங்கள், பக்கத்தில் அடுப்பு எரியக் கூடாது. நாணயத்தின் விளிம்பைப் பிடித்து உள்ளே இறக்கி, கண்ணாடித் தட்டால் மூடி, இரவு முழுக்க விடுங்கள். தேய்க்கவே கூடாது. காலையில் அந்த அசிட்டோனைக் கழித்துவிட்டுப் புதிதாக ஊற்றி ஒருமுறை அலசி, காற்றில் உலர விடுங்கள். அசிட்டோன் வெள்ளியை ஒன்றும் செய்யாது, பசையைக் கரைக்கும். 'எஸ்'ஸைப் பசையால் ஒட்டியிருந்தால் அது காலையில் கிண்ணத்தின் அடியில் கிடக்கலாம். உலோகத்தை உருக்கிப் பற்ற வைத்திருந்தால் விழாது, ஆகவே விழவில்லை என்பதை நற்சான்றாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

எல்லாம் தேறினால்தான் பிசிஜிஎஸ் அல்லது என்ஜிசி என்ற தர மதிப்பீட்டு நிறுவனத்துக்கு அனுப்ப வேண்டும். நேரடியாக அனுப்புவதற்கு உறுப்பினர் சந்தா, அப்புறம் நாணயத்தின் சந்தை மதிப்பைப் பொறுத்துக் கட்டணம். அசலா என்று கேட்கத்தான் அனுப்புகிறோம். அதன் மதிப்பை நாமே முதலில் எழுத வேண்டுமாம்! மாதிரி நாணயத்தில் 'நகல்' என்று பொறிக்க வேண்டும் என்ற சட்டம் 1973லிருந்தே இருக்கிறது. போலி செய்கிறவன் அதைப் பார்த்தா பொறிக்கிறான்?

நடுவில் நுழைவோரிடம் கவனம். "எங்களிடமே தரம் பார்த்து, பிளாஸ்டிக் டப்பாவில் அடைத்துத் தருகிறோம்" என்று உயர்ந்த தர எண்ணை ஒட்டித் தருபவர்கள் ஏராளம். அந்த டப்பாவைக் கழற்றி எறிந்துவிட்டதாக நினைத்து விலை பேசுங்கள். பெரிய நிறுவன டப்பாவிலும் போலி வருகிறது. சான்று எண்ணை அவர்கள் தளத்தில் போட்டால் மட்டும் போதாது, எண்ணையும் திருடுவார்கள். படம் இருந்தால் கீறலுக்குக் கீறல் ஒப்பிடுங்கள். வியாபாரியிடம் காட்டும்போது "என்ன தருவீர்கள்" என்று ஆரம்பிக்காதீர்கள். "'எஸ்' ஒட்டியதா" என்று கேளுங்கள். ஒட்டியது என்று தெரிந்த பிறகு அசல் என்று வேறொருவருக்குத் தள்ளிவிடுவது மோசடிக் குற்றம்.

போலி என்று தெரிந்தால் மிஞ்சுவது சுமார் 24 கிராம் சுத்த வெள்ளி. வெள்ளிக்கு விலை சொல்லும் டிராய் அவுன்ஸ் 31.1 கிராம், அன்றைய அவுன்ஸ் விலையை 0.77ஆல் பெருக்கினால் அதன் உலோக மதிப்பு கிடைத்துவிடும்.

தேறினால் பிவிசி இல்லாத மைலார் உறையில் போட்டு, ஆடாமல் அட்டைக்கு நடுவில் வைத்து, ரெஜிஸ்டர்டு தபாலில் காப்பீட்டோடு அனுப்புங்கள். வெளியே காகித டேப் ஒட்டுங்கள். பளபளக்கும் பிளாஸ்டிக் டேப்பில் தபால் முத்திரை பிடிக்காது, கவுண்டரிலேயே திருப்பிக் கொடுத்துவிடுவார்கள்.