எஞ்சின் கேள்வி-பதில்: மஸ்டாங் பிளாக்கில் எக்ஸ்ப்ளோரர் ஹெட்

பழைய ஃபோர்டு மஸ்டாங் 5.0 வைத்திருக்கும் அமெரிக்க வாசகர்கள் அனுப்பிய கேள்விகள் இம்முறை ஒரே விஷயத்தைச் சுற்றியே வந்திருக்கின்றன: ஃபோர்டின் எக்ஸ்ப்ளோரர் எஸ்.யு.வி.யின் சிலிண்டர் ஹெட்டை (சிலிண்டர்களை மேலே மூடும், வால்வுகள் உள்ள பாகம்) மஸ்டாங்கில் மாட்டுவது. ஆகவே இந்த இதழின் பகுதி முழுவதும் அதற்கே.

கேள்வி: 1991 மஸ்டாங் ஜி.டி. வைத்திருக்கிறேன். எஞ்சினை இதுவரை யாரும் திறக்கவில்லை. அலுமினிய ஹெட் வாங்கும் அளவுக்குக் கையில் பணம் இல்லை. ஜங்க்யார்டில் எக்ஸ்ப்ளோரர் ஹெட் மலிவாகக் கிடைக்கும் என்கிறார்கள். எதைப் பார்த்து எடுப்பது? (ஹூஸ்டன் வாசகர்)

பதில்: 1996 முதல் 2001 வரை வந்த 5.0 லிட்டர் எக்ஸ்ப்ளோரரைத் தேடுங்கள். அதே எஞ்சினோடு வந்த மெர்க்குரி மௌன்டனீரும் சரிதான். இவற்றில் இரண்டு வகை ஹெட் உண்டு. 1996-லும் 1997-இன் தொடக்கத்திலும் வந்தவை ஜி.டி.40. அதன் பிறகு வந்தவை ஜி.டி.40பி. ஹெட்டின் முனை மூலையில் வார்ப்பிலேயே செங்குத்துக் கோடுகள் இருக்கும். மூன்று கோடு என்றால் ஜி.டி.40, நான்கு கோடு என்றால் பி. கிரீஸ் அப்பியிருந்தால் கம்பி பிரஷ்ஷால் தேய்த்துவிட்டு எண்ணுங்கள்.

உங்கள் வண்டியில் இப்போது இருப்பது இ7 ஹெட். அதன் இன்டேக் வால்வு 1.78 அங்குலம், எக்ஸாஸ்ட் 1.46. ஜி.டி.40-இல் 1.84, 1.54. பி-யில் 1.84, 1.46. பி-யின் எக்ஸாஸ்ட் வால்வு சிறியதாயிற்றே என்று தள்ளிவிடாதீர்கள். அதன் போர்ட்டும் எரியறையும் பிறகு திருத்தி வடிவமைக்கப்பட்டவை, காற்றோட்டத்தில் அது மூன்று கோட்டுக்காரனுக்குக் குறைந்ததில்லை. பி-யின் ஒரே தொல்லை ஸ்பார்க் பிளக்கின் கோணம். அதைக் கீழே வேறொரு வாசகர் கேட்டிருக்கிறார். புது ஹெடர் (ஹெட்டிலிருந்து எக்ஸாஸ்டை வெளியே கொண்டுபோகும் குழாய்கள்) வாங்கத் தயார் என்றால் பி எடுங்கள். இருக்கிற ஹெடரே தொடர வேண்டுமென்றால் மூன்று கோடு கிடைக்கும்வரை காத்திருங்கள்.

இரண்டுமே இரும்பு, இரண்டுமே நிறைய ஓடியவை. எக்ஸாஸ்ட் வால்வை அரை அங்குலம் தூக்கிப் பிடித்துப் பக்கவாட்டில் அசைத்துப் பாருங்கள். கையில் தெரியும் அளவுக்கு ஆட்டம் இருந்தால் வால்வின் தண்டைப் பிடித்து நிற்கும் கைடு தேய்ந்துவிட்டது. மெஷின் ஷாப்பில் அளந்தால் எக்ஸாஸ்ட் தண்டின் இடைவெளி 0.0015-இலிருந்து 0.0032 அங்குலத்துக்குள் இருக்க வேண்டும். ஹெட்டின் அடிப்பரப்பில் எந்த 6 அங்குல நீளத்திலும் 0.003-க்கு மேல் வளைவு ஆகாது. ஹெட்டோடு, காற்றை அதற்குள் கொண்டுபோகும் இன்டேக்கின் கீழ் மேனிஃபோல்டு, மேல் மேனிஃபோல்டு, அவற்றின் போல்ட்டுகள் எல்லாவற்றையும் சேர்த்தே எடுங்கள். போல்ட் நீளம் இடத்துக்கு இடம் மாறும். ஓர் அட்டையில் மேனிஃபோல்டின் வடிவத்தை வரைந்து, எடுத்த போல்ட்டை அந்தந்த இடத்திலேயே குத்திக்கொண்டு வந்தால் பிறகு தலையைப் பிய்த்துக்கொள்ள வேண்டாம். எரிபொருள் ரெயிலை யார்டிலேயே விட்டுவிடுங்கள், மஸ்டாங்கின் ரெயிலே போதும். எக்ஸ்ப்ளோரரின் த்ராட்டில் பாடியும் வேண்டாம். கேபிள் பிடிப்பை வெட்டி ஒட்டும் நேரத்தில், மஸ்டாங்குக்கென்றே விற்கும் 65 மில்லிமீட்டர் பாடியை வாங்கி மாட்டிவிடலாம்.

கேள்வி: பி ஹெட்டின் எரியறை சிறியது, கம்ப்ரஷன் ஏறிவிடும், 87 ஆக்டேன் பெட்ரோல் தாங்காது என்று நண்பர் பயமுறுத்துகிறார். (டாலஸ் வாசகர்)

பதில்: கணக்குப் போட்டுவிடுவோம். 4 அங்குல போர், 3 அங்குல ஸ்ட்ரோக். ஒரு சிலிண்டர் சுமார் 618 சி.சி. கம்ப்ரஷன் 9 என்றால் பிஸ்டன் மேலே வந்தபின் மிஞ்சும் இடம் 77 சி.சி. இ7-இன் எரியறை 61 முதல் 64 சி.சி., பி-யினது 58 முதல் 61. மூன்று சி.சி. குறைந்தால் மிஞ்சுவது 74. கம்ப்ரஷன் 9.3 ஆகிறது. இதற்குப் பயப்பட வேண்டியதில்லை. ஆனால் மெஷின் ஷாப்பில் ஹெட்டை அதிகம் சீவிவிட்டு, மெல்லிய கேஸ்கெட்டும் போட்டால் கதை வேறு. 0.047 அங்குல கேஸ்கெட்டுக்குப் பதில் 0.039 போட்டாலே இன்னும் 1.7 சி.சி. போய்விடும்.

பிளக் பொறி விடும் டைமிங்கை, கம்ப்யூட்டர் இடையில் மாற்றாமலிருக்க ஸ்பவுட் கனெக்டரைக் கழற்றிவிட்டு, 10 டிகிரியில் வையுங்கள். இந்த மஸ்டாங் எஞ்சினில் நாக் சென்சார் கிடையாது, தட்டல் சத்தம் வந்தால் கேட்க வேண்டியது உங்கள் காதுதான். 13, 14 டிகிரிக்குத் தள்ள ஆசையிருந்தால் 91 ஆக்டேன் போட்டுக்கொள்ளுங்கள்.

கேள்வி: ஹெட் மாட்டும்போது எங்கே கோட்டை விடுகிறார்கள்? டார்க் (போல்ட்டை இறுக்கும் முறுக்குவிசை) அளவுகளோடு சொல்லுங்கள். (டெட்ராய்ட் அருகிலிருந்து ஒரு வாசகர்)

பதில்: முதலில் கூலன்ட். ரேடியேட்டரை மட்டும் வடித்துவிட்டு ஹெட்டைத் தூக்குகிறார்கள். பிளாக்கில் தேங்கிய கூலன்ட் சிலிண்டருக்குள்ளும் போல்ட் துளைகளுக்குள்ளும் இறங்குகிறது. பிளாக்கின் இரு பக்கமும் உள்ள வடிகால் பிளக்குகளையும் திறந்துவிடுங்கள். துளையின் அடியில் திரவம் இருக்கும்போது போல்ட்டை முறுக்கினால் அது வெளியேற வழியில்லாமல் பிளாக்கையே விரிசல் விட வைக்கும். டார்க் ரென்ச் காட்டும் எண்ணும் பொய்யாகிவிடும். துளை ஒவ்வொன்றையும் பிரேக் கிளீனர் தெளித்து, காற்றடித்து, டார்ச் வைத்துப் பாருங்கள். ஆயில் பானிலும் கூலன்ட் இறங்கியிருக்கும். வேலை முடிந்ததும், எஞ்சினை முடுக்கும் முன்பே ஆயிலை மாற்றுங்கள். கொஞ்சம் ஓடியபின் இன்னொரு முறை.

ரோலர் லிஃப்டர்களை (கேமின் அசைவை புஷ்ராடு என்ற கம்பி வழியாக ராக்கருக்குக் கொடுப்பவை) வெளியே எடுத்தால் எது எந்தத் துளையில் இருந்ததோ அங்கேயே திரும்பப் போக வேண்டும். புஷ்ராடும் அப்படியே.

ஹெட் கேஸ்கெட்டில் "ஃப்ரன்ட்" என்று பொறித்த முனை இரண்டு பக்கமும் ரேடியேட்டரை நோக்கி இருக்க வேண்டும். இந்த பிளாக்கில் கூலன்ட் பின்புறம்வரை போய்த்தான் ஹெட்டுக்குள் ஏற வேண்டும். ஒரு பக்கம் திருப்பிப் போட்டுவிட்டால் அது முன்பக்கமே குறுக்குவழியில் ஏறிவிடும். வண்டி ஓடும், ஒழுகாது, ஆனால் காரணமே தெரியாமல் சூடேறிக்கொண்டிருக்கும்.

பழைய வகை ஹெட் போல்ட்டாக இருந்தால் இரண்டு கட்டம்: முதலில் 55–65 ஃபுட்-பவுண்டு, பிறகு 65–72. நடுவிலிருந்து தொடங்கி இருபுறமும் வெளியே போங்கள். பிற்கால ஃபிளேஞ்ச் தலை போல்ட்டாக இருந்தால் முறையே வேறு: 25–35, அடுத்து 45–55, அதன்மேல் கால் சுற்று. இந்த வகையைக் கழற்றினால் மறுபடி பயன்படுத்தாதீர்கள். கையில் இருப்பது எந்த வகை என்று பார்க்காமல் ஒன்றின் அளவை மற்றதற்குப் போடுவதால் கேஸ்கெட் போன எஞ்சின்கள் ஏராளம்.

அடுத்தது, வால்வை அழுத்தித் திறக்கும் ராக்கர். இங்கேதான் பலரும் அவசரப்படுகிறார்கள். இது பெடஸ்டல் ராக்கர், திருகி அட்ஜஸ்ட் செய்ய முடியாது. போல்ட்டை 18–25 ஃபுட்-பவுண்டுக்கு இறுக்குவது மட்டுமே உங்கள் கையில் இருக்கிறது. ஹெட் சீவப்பட்டிருந்தாலோ கேஸ்கெட் தடிமன் மாறியிருந்தாலோ லிஃப்டரின் அழுத்தம் மாறிவிடும். சோதிப்பது சுலபம். முதல் சிலிண்டரைக் கம்ப்ரஷன் மேல்முனைக்குக் கொண்டுவாருங்கள். புஷ்ராடை இரு விரலால் மேலும் கீழும் அசைத்தபடி ராக்கர் போல்ட்டைத் திருகுங்கள். மேல்-கீழ் ஆட்டம் முற்றிலும் நின்ற இடம் பூஜ்யம். புஷ்ராடு உருள்வது நிற்கும்வரை காத்திருந்தால் அதற்குள் லிஃப்டர் அமுங்கிவிடும். பூஜ்யத்திலிருந்து போல்ட் இறுகி நிற்க எத்தனை சுற்று என்று எண்ணுங்கள். அரையிலிருந்து முக்கால் சுற்று நல்லது. ஒன்றைத் தாண்டினால் பெடஸ்டலுக்கு அடியில் ஷிம் (மெல்லிய தகடு) வையுங்கள். கால் சுற்றுக்கும் குறைவென்றால் சற்று நீளமான புஷ்ராடு வேண்டும். அழுத்தம் மிகையானால் வால்வு முழுதாக மூடாமல் கம்ப்ரஷன் கசியும், குறைந்தால் டிக் டிக்கென்று தட்டும். பிறகு 1-3-7-2-6-5-4-8 வரிசையில் கிராங்க்கை 90 டிகிரியாகத் திருப்பிக்கொண்டே போனால் எட்டும் முடிந்துவிடும்.

கீழ் மேனிஃபோல்டு: முன்னும் பின்னும் வைக்கத் தரும் கார்க் பட்டைகளைக் குப்பையில் போடுங்கள். அவை இறுக்கும்போது நழுவி வெளியே வந்துவிடும். அந்த இடத்தில் கால் அங்குலத் தடிமனில் ஆர்.டி.வி. சிலிக்கோன் இழுத்து, தோல் கட்டும்வரை சில நிமிடம் விட்டு, மேனிஃபோல்டை நேர்க்கீழே இறக்குங்கள். முன்னும் பின்னும் இழுத்துச் சரிசெய்தால் சிலிக்கோன் வழித்துக்கொண்டுவிடும். தலை அறுத்த இரண்டு நீள போல்ட்டுகளை எதிரெதிர் மூலையில் திருகி வைத்தால் அவையே வழிகாட்டும். போல்ட்டுகளுக்கு 23–25 ஃபுட்-பவுண்டு, நடுவிலிருந்து வெளியே, மூன்று சுற்றாக. எஞ்சின் ஒருமுறை சூடாகி ஆறியபின் மறுபடி சரிபாருங்கள்.

1986 மாடல் வைத்திருப்பவர்களுக்கு மட்டும் ஒரு தடை. அந்த வருட பிஸ்டனின் தலை தட்டையானது, வால்வுக்கான குழி கிடையாது. 1.84 வால்வு ஹெட்டை அளந்து பார்க்காமல் அதில் மாட்டாதீர்கள். பிஸ்டன் மேல் களிமண் வைத்து இரண்டு முழுச் சுற்று திருப்பி, அமுங்கிய இடத்தின் தடிமனை அளக்க வேண்டும். இன்டேக்கில் 0.080, எக்ஸாஸ்டில் 0.100 அங்குலமாவது மிஞ்ச வேண்டும்.

கேள்வி: பி ஹெட் மாட்டியாகிவிட்டது. மாதத்துக்கொரு பிளக் ஒயர் கருகுகிறது, எஞ்சின் மிஸ் அடிக்கிறது. (அட்லாண்டா வாசகர்)

பதில்: ஒயரின் மேல் குற்றமில்லை. பி-யில் பிளக் வேறு கோணத்தில் வெளியே வருகிறது. இ7-க்கென்று வளைத்த ஷார்ட்டி ஹெடரின் குழாய், பிளக்கின் மேல் மாட்டும் ஒயர் முனை உறையை (பூட்) உரசிக்கொண்டு நிற்கும். சரியான தீர்வு பி ஹெட்டுக்கென்றே செய்த ஹெடர். அதுவரை செராமிக் பூட் ஒயர் தாக்குப்பிடிக்கும். பிளக் வாங்கும்போது கடையில் மஸ்டாங் என்று சொல்லாமல் 2000 எக்ஸ்ப்ளோரர் 5.0 என்று சொல்லி வாங்குங்கள். சிலர் ஹெடர் குழாயைச் சுத்தியலால் தட்டிக் குழி விடுகிறார்கள். பார்க்கச் சகிக்காது, இரண்டு பிளக்குக்கு மேல் பலிக்கவும் பலிக்காது.

கேள்வி: ஹெட்டும் இன்டேக்கும் மாற்றியபின் ஐடிலில் ஆர்.பி.எம். ஏறி ஏறி இறங்குகிறது, நீலப்புகையும் வருகிறது. ரிங் போய்விட்டதா? (சிகாகோ வாசகர்)

பதில்: வேலைக்கு முன்பு புகை இல்லை என்றால் ரிங்கைச் சந்தேகிக்காதீர்கள். கீழ் மேனிஃபோல்டின் அடிப்பக்கம், லிஃப்டர் பள்ளத்தை நோக்கிய ஓரத்தில், கேஸ்கெட் சரியாக உட்காரவில்லை. வெளியே கார்ப் கிளீனர் தெளித்துத் தேடினால் இந்தக் கசிவு அகப்படாது. காற்றோடு ஆயில் ஆவியையும் உள்ளிருந்தே இழுக்கிறது, அதுதான் நீலம். பி.சி.வி. வால்வை (எஞ்சினுக்குள் சேரும் ஆவியை இன்டேக்குக்கு அனுப்புவது) எடுத்து அந்தக் குழாயை அடைத்துவிடுங்கள், த்ராட்டில் பாடியிலிருந்து வரும் பிரீதர் குழாயையும் அடைத்துவிடுங்கள். ஐடிலில் ஆயில் மூடியைத் திறந்து, வாயில் மெல்லிய பிளாஸ்டிக் தாளை வையுங்கள். தாள் உள்ளே இழுக்கப்பட்டால் மேனிஃபோல்டைக் கழற்ற வேண்டியதுதான். உப்பினால் அது சாதாரண புளோ-பை (ரிங்கைத் தாண்டிக் கசியும் வாயு). கழற்றும் முன் இன்னொன்றையும் பாருங்கள்: மேனிஃபோல்டின் பின்முனையில் பி.சி.வி. வால்வுக்கு அடியில் ஒரு வலை உண்டு. மாற்றும்போது அதைப் பழைய மேனிஃபோல்டிலேயே விட்டிருந்தால் ஆயில் நேராக உறிஞ்சப்படும்.

கேள்வி: கூடவே இ303 கேமும் (வால்வுகளைத் திறந்து மூடவைக்கும் தண்டு) போடலாமா? பழைய 19 பவுண்டு இன்ஜெக்டர் போதுமா? வண்டி 1988. (நியூ ஜெர்சி வாசகர்)

பதில்: கேமின் லிஃப்ட் 0.498 அங்குலம். எக்ஸ்ப்ளோரரின் வால்வு ஸ்பிரிங் அதற்கானதல்ல, கட்டாயம் மாற்றுங்கள். முழு லிஃப்டில் ரிடெய்னருக்கும் சீலுக்கும் நடுவே 0.050 அங்குலம் மிஞ்சுகிறதா என்றும் அளந்துவிடுங்கள்.

இன்ஜெக்டர் கணக்கு: எட்டும் சேர்ந்து மணிக்கு 152 பவுண்டு. 85 சதவீதத்துக்கு மேல் திறந்து வைக்கக்கூடாது என்றால் 129. ஒரு குதிரைசக்திக்கு மணிக்கு அரை பவுண்டு பெட்ரோல் என்று வைத்தால் 258 குதிரைசக்தியோடு நின்றுவிடும். ஹெட், இன்டேக் மட்டும் என்றால் ஒப்பேற்றலாம். இதே ஜி.டி.40 ஹெட், இன்டேக்கோடு வந்த 1993 கோப்ராவுக்கு ஃபோர்டு அறிவித்தது 235 குதிரைசக்தி, அதற்கே 24 பவுண்டு இன்ஜெக்டர் கொடுத்தார்கள். கேமும் சேர்ந்தால் உங்களுக்கும் 24 வேண்டும்.

உங்கள் உண்மையான சிக்கல் 1988. கலிபோர்னியாவில் விற்ற வண்டியாக இல்லாவிட்டால் அது ஸ்பீடு-டென்சிட்டி. மேனிஃபோல்டின் வெற்றிடத்தை வைத்துக் காற்றை ஊகிக்கும் கம்ப்யூட்டர் அது. பெரிய கேம் அந்த வெற்றிடத்தையே குலைத்துவிடும். முதலில், உள்ளே போகும் காற்றை நேரடியாக அளக்கும் மாஸ்-ஏர் மீட்டரும் அதற்கான கம்ப்யூட்டரும் மாற்றுங்கள், மேனுவல் கியருக்கு ஏ9எல், ஆட்டோமேட்டிக்குக்கு ஏ9பி. கேம் அதற்கப்புறம். "24 பவுண்டுக்குக் காலிபரேட் செய்தது" என்று விற்கும் மீட்டரை நான் சிபாரிசு செய்வதில்லை. அது காற்றைக் குறைத்துக் காட்டிக் கம்ப்யூட்டரை ஏமாற்றுகிறது. பெட்ரோல் சரியாகப் போகும், ஆனால் லோடு குறைவு என்று நம்பி டைமிங்கை அதிகமாக முன்தள்ளும். அந்தப் பணத்தில் சிப் போட்டு டியூன் செய்யுங்கள்.

கேள்வி: கலிபோர்னியாவில் ஸ்மாக் (வாகனப் புகை) சோதனை தேறுமா? (சான் ஹோசே வாசகர்)

பதில்: புகையில் தேறினாலும் கண்பார்வைச் சோதனையில் மாட்டலாம். கலிபோர்னியா காற்றுவள வாரியத்தின் விலக்கு எண் உள்ள பாகத்தைத்தான் அங்கே ஒப்புக்கொள்வார்கள், யார்டில் எடுத்த எக்ஸ்ப்ளோரர் மேனிஃபோல்டில் அந்த எண் இருக்காது. ஈ.ஜி.ஆர். (எக்ஸாஸ்டில் ஒரு பகுதியை இன்டேக்குக்குத் திருப்பி விடும்) வழியும் எக்ஸாஸ்டுக்குக் காற்று செலுத்தும் வழியும் மஸ்டாங்கில் இருந்தபடியே வேலை செய்தாக வேண்டும். எடுக்கப்போகும் மேனிஃபோல்டிலும் ஹெட்டிலும் அந்தத் துளைகள் உண்டா என்று யார்டிலேயே பாருங்கள். பாகத்துக்குப் பணம் கொடுக்கும் முன்பு ஸ்மாக் ரெஃப்ரீ அலுவலகத்தில் கேட்டுக்கொள்வது நல்லது. பழைய ஹெட்டையும் மேனிஃபோல்டையும் விற்றுவிடாமல் வைத்திருங்கள்.