முதல் பிரசவம் சிசேரியன். இப்போது வலி வரவழைக்க பலூன் வைக்கலாம் என்கிறார்கள். வைக்கலாமா?

கேட்டவர் கடலூர்க்காரர். மனைவிக்குத் தேதி தாண்டிவிட்டது, வலி வரவில்லை. பாண்டியில் பார்க்கும் டாக்டர் அட்மிட் ஆகச் சொல்லி, பலூன் வைத்துப் பார்க்கலாம் என்றிருக்கிறார். 'அக்காவுக்கு ஜெல் வைத்து அன்று இரவே பிறந்துவிட்டது. இவளுக்கு மட்டும் ஏன் பலூன்? வலிக்குமா? பழைய தையல் விட்டுவிடாதா?' என்று கேட்டிருக்கிறார்.

நான் புதுச்சேரியில் லேபர் வார்டில் ஸ்டாஃப் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவள். டாக்டர் இல்லை. கண்ணால் பார்த்ததையும் படித்ததையும் வைத்துச் சொல்கிறேன்.

தம்பி, அது ஏதோ புது மெஷின் இல்லை. ஆபரேஷன் ஆனவர்களுக்குச் சிறுநீர் போக ஒரு டியூப் போடுவார்களே, அதே ஃபோலி டியூப்தான். முதல் சிசேரியனில் உங்கள் மனைவிக்கும் போட்டிருப்பார்கள். அதன் நுனியில் சின்ன ரப்பர் பை இருக்கும். நுனியைக் கர்ப்பப்பை வாய்க்குள் செலுத்தி, அந்தப் பைக்குள் சுத்தமான தண்ணீர் ஏற்றுவார்கள். 30 மில்லியிலிருந்து 80 மில்லி வரை இடத்துக்கு இடம் மாறும். எங்கள் வார்டில் 60. உப்பிய பை குழந்தையின் தலைக்குக் கீழே உட்கார்ந்துகொண்டு கர்ப்பப்பை வாயை உள்ளிருந்து அழுத்தும். வாய் மெல்ல இளகித் திறக்கும். அந்த அழுத்தத்தில் வாயை இளக்கும் புராஸ்டாகிளாண்டின் என்ற பொருளை உடம்பே கொஞ்சம் சுரந்து உதவி செய்யும். 1967லேயே இங்கிலாந்து மருத்துவர்கள் இதற்கு ஃபோலி டியூபைப் பயன்படுத்தி எழுதியிருக்கிறார்கள். இரண்டு பலூன் உள்ள தனி டியூபும் கடையில் உண்டு. விலை பல மடங்கு. அதில்லையே என்று கவலைப்பட வேண்டாம், சாதாரண ஃபோலியே போதும்.

அக்காவுக்கு வைத்த ஜெல்லில் இருப்பது அதே புராஸ்டாகிளாண்டின், ஆனால் மருந்தாக. அது வாயை இளக்குவதோடு நிற்காது, கர்ப்பப்பையையும் சேர்த்து முறுக்கும். சில பேருக்கு மூச்சுவிட நேரமில்லாமல் வலி மேல் வலியாக வந்துவிடும். அக்காவுக்கு வயிற்றில் தையல் இல்லையென்றால் அது வேறு கணக்கு. ஏற்கெனவே வெட்டித் தைத்த கர்ப்பப்பையை மருந்து போட்டு முறுக்கினால் தையல் போட்ட இடம் பிரியும் வாய்ப்பு கூடுகிறது. அதே வகை மருந்தான மிசோபுரோஸ்டால் மாத்திரையைச் சிசேரியன் ஆனவர்களுக்குப் பிரசவ வலிக்காகக் கொடுக்கவே கூடாது. பலூனில் மருந்தே இல்லை. ஏதாவது சரியில்லை என்றால் சிரிஞ்சால் தண்ணீரை உறிஞ்சி, டியூபை உருவிவிட்டால் முடிந்தது. வைத்த ஜெல்லை அப்படித் திரும்ப எடுக்க முடியாது.

அதற்காக ஆபத்தே இல்லை என்று சொல்ல மாட்டேன். அமெரிக்காவில் 2004ல் வெளியான பெரிய ஆய்வில், சிசேரியனுக்குப் பிறகு சுகப்பிரசவத்துக்கு முயன்றவர்களில் தானாக வலி வந்தவர்களுக்கு 1000க்கு 4 பேர், வலி வரவழைக்கப்பட்டவர்களுக்கு 1000க்கு 10 பேர் என்ற கணக்கில் தையல் பிரிந்தது. குறைவுதான், ஆனால் பூஜ்ஜியம் இல்லை. ஆகவே எந்த நேரமும் தியேட்டரும் மயக்க டாக்டரும் ரத்தமும் தயாராக இருக்கும் இடத்தில்தான் இதைச் செய்ய வேண்டும். பலூன் வைத்துக்கொண்டு கடலூருக்குப் போய்விட்டுக் காலையில் வருகிறோம் என்று மட்டும் கேட்காதீர்கள். முருங்கப்பாக்கம் நெரிசலில் வண்டி நின்றால் என்ன செய்வீர்கள்?

வலிக்குமா? வைக்கும்போது சங்கடமாக இருக்கும், மாதவிலக்கு வலி போல இழுக்கும். கால்களை விரித்து, பீட்டாடின் ஊற்றித் துடைக்கும்போதே 'ஐயோ, ஜில்லுன்னு இருக்கு' என்று பாதிப் பேர் துள்ளுவார்கள். உள்ளே தெரிவதற்காக விரித்துப் பிடிக்கும் ஸ்பெகுலம் என்ற கருவியைப் போட்டு, லைட்டைத் திருப்பி, இடுக்கியால் டியூபின் நுனியைப் பிடித்து உள்ளே தள்ளுவார்கள். சில பேருக்கு வாய் பின்பக்கமாகத் திரும்பியிருக்கும், தேடிப் பிடிக்கக் கொஞ்ச நேரம் ஆகும். அப்போது இடுப்பைத் தூக்காமல் வாயால் மூச்சு விடச் சொல்லுங்கள். தண்ணீர் ஏற்றியதும் டியூபை லேசாக இழுத்து உள்தொடையில் பிளாஸ்டர் போட்டு ஒட்டிவிடுவார்கள். வியர்வையில் பிளாஸ்டர் பிய்ந்துவிட்டால் நர்ஸைக் கூப்பிட்டுத் திரும்ப ஒட்டச் சொல்ல வேண்டும், இழுப்பு தளர்ந்தால் வேலை நடக்காது. அதற்கப்புறம் நடக்கலாம், பாத்ரூம் போகலாம், டாக்டர் வேண்டாம் என்று சொல்லாதவரை சாப்பிடலாம்.

பெரும்பாலோர் புரிந்துகொள்ளாத விஷயம் ஒன்று இருக்கிறது. பலூனின் வேலை வாயைப் பதப்படுத்துவதுதான், வலி கொண்டுவருவது இல்லை. பதமாகாத வாய் மூக்கு நுனி போல விறைப்பாக இருக்கும், பதமானது உதடு போல மெத்தென்று இருக்கும். வாய் 3, 4 சென்டிமீட்டர் திறந்ததும் பலூன் தானாகக் கழன்று விழும். பெரும்பாலும் பாத்ரூமில்தான் விழும். குழந்தையே விழுந்துவிட்டது என்று அலறிக்கொண்டு ஓடிவந்த பெண்கள் உண்டு! விழாவிட்டால் 12 மணி நேரம், சில இடங்களில் 24 மணி நேரம் வரை விட்டுப் பார்த்துவிட்டு எடுப்பார்கள். அதன்பிறகுதான் பனிக்குடத்தை உடைப்பதும், தேவைப்பட்டால் வலி வரவழைக்கும் ஆக்ஸிடோசின் மருந்தை டிரிப்ஸில் போடுவதும். தையல் இருப்பதால் டிரிப்ஸைச் சொட்டுச் சொட்டாகத்தான் கூட்டுவார்கள், குழந்தையின் இதயத்துடிப்பை விடாமல் பார்ப்பார்கள். முழுசாக ஒரு நாள், சமயத்தில் அதற்கும் மேல் ஆகும்.

நாக்பூரில் இரண்டு அரசு மருத்துவமனைகளில் ரத்த அழுத்தம் இருந்த 602 கர்ப்பிணிகளை வைத்து நடந்த ஆய்வு 2017ல் வந்தது. மிசோபுரோஸ்டால் மாத்திரை சாப்பிட்டவர்களில் 57 சதவீதம் பேருக்கு 24 மணி நேரத்துக்குள் சுகப்பிரசவம் ஆனது, பலூன் வைத்தவர்களில் 47 சதவீதம் பேருக்கு. மாத்திரைக்குத்தான் வேகம் என்பது உண்மை. உங்கள் மனைவிக்கு அந்த வேகம் வேண்டாம் என்பதால்தான் பலூன்.

வார்டில் எங்களுக்குப் பெரிய தொல்லை பலூன் இல்லை, வராந்தாவில் நிற்கும் சொந்தக்காரர்கள்தான். 'நேத்து வச்சது, இன்னும் ஒண்ணும் ஆகலையே' என்று மணிக்கொரு தரம் அம்மாவும் அத்தையும் கதவைத் தட்டுவார்கள். ராகுகாலத்துக்கு முன்னால் பிறக்குமா என்று கேட்பார்கள். யாராவது ஒருவர் ஃபிளாஸ்கில் விளக்கெண்ணெய் கலந்து கொண்டுவருவார். தையல் உள்ளவளுக்கு டாக்டருக்குத் தெரியாமல் அதைக் கொடுப்பதை நான் துளியும் ஒப்புக்கொள்ள மாட்டேன். அவர்களைச் சமாளிப்பது உங்கள் பொறுப்பு தம்பி. பயந்துபோய் இருக்கும் பெண் காதில் 'பேசாம ஆபரேஷன் பண்ணிடலாம்' என்ற பேச்சு விழக்கூடாது. டாக்டர் ஆபரேஷன் தேவை என்று சொன்னால் அப்போது மறுக்கவும் கூடாது.

டியூபோடு லேசாக ரத்தக்கறை படுவது சகஜம். ஆனால் பேட் நனைகிற அளவு ரத்தம், பச்சை நிறத்தில் தண்ணீர் போவது, காய்ச்சல் குளிர், குழந்தை அசைவு குறைவது, ஒரு வலிக்கும் அடுத்த வலிக்கும் நடுவிலும் பழைய தையலிடத்தில் விடாமல் வலிப்பது, இதில் எது வந்தாலும் அடுத்த ரவுண்டுக்குக் காத்திருக்காமல் உடனே சொல்ல வேண்டும்.

அட்மிட் ஆகும்போது டாக்டரிடம் மூன்று விஷயம் பேசுங்கள்: முதல் சிசேரியன் எதற்காகச் செய்தார்கள், கர்ப்பப்பையை எப்படி வெட்டினார்கள், நஞ்சுக்கொடி (பிளசென்டா) இப்போது கர்ப்பப்பை வாயை ஒட்டிக் கீழே இருக்கிறதா. நஞ்சுக்கொடி கீழே இருந்தாலோ, பழைய வெட்டு நெட்டுக்குத்தாக இருந்தாலோ பலூனும் கிடையாது, சுகப்பிரசவ முயற்சியும் கிடையாது. வயிற்றுத்தோலில் இருக்கும் தழும்பைப் பார்த்து உள்வெட்டைச் சொல்ல முடியாது. அது பழைய டிஸ்சார்ஜ் சம்மரியில் இருக்கும். பீரோவில் எந்தப் புடவைக்கு அடியில் இருக்கிறதென்று இன்றைக்கே தேடி எடுத்து, கடைசி ஸ்கேனோடு சேர்த்துப் பையில் வைத்துவிடுங்கள்.